கீழே விழாத பாய்த்துண்டு

கனகவல்லி வெட்டிய பாய்த்துண்டு கீழே விழாமல் நின்றது ஆடி மாதத்து மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, எங்கள் கோமளவல்லி திருமண மாளிகையின் சாப்பாட்டுக் கூடத்தில், கை கழுவும் தொட்டிக்கு எட்டடி தள்ளி. அன்று அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது, மற்றபடி விசேஷம் எதுவும் இல்லை. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள், நான் இந்த மண்டபத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் பந்தி விசாரிக்கிறவன், முதல் பந்தி எத்தனை மணிக்கு, கடைசிப் பந்தி எத்தனை மணிக்கு என்று கடிகாரத்தைப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்தவன். என் பேர் எத்திராஜ்.

ஆடியிலும் மார்கழியிலும் எங்கள் பக்கம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அந்த இரண்டு மாதமும் மண்டபம் எனக்கும் பல்லிகளுக்கும் சொந்தம். அதற்கு நாலு வருஷத்துக்கு முன் ஒரு ஆடியில்தான் தாமோதரன் வந்து கூடத்தைக் கேட்டார். அவர் ஒரகடம் போகிற சாலையில் உள்ள ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கம்பெனி அவரைப் பயிற்சிக்காக இரண்டு வருஷம் ஜப்பானுக்கு அனுப்பியபோது கூடப் போனவர்கள் கேமராவும் ரைஸ் குக்கரும் வாங்கிக்கொண்டு வந்தார்கள், இவர் மட்டும் அந்த ஊர் வாள் வீச்சைக் கற்றுக்கொண்டு, ஒரு வாளையும் அதற்கான உரிமத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிட்டதால் நானும் மாஸ்டர் என்றே கூப்பிட்டேன். மற்ற மாதங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் வெறும் காற்றை வெட்டுவார்கள், பாயை வெட்டுவதற்கு மட்டும் எங்கள் கூடத்துக்கு வருவார்கள், இங்கேதான் தண்ணீர் ஓடுவதற்கு வாட்டமான தரை இருக்கிறது.

காற்றை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், வெட்டியது சரியா தப்பா என்று காற்று சொல்லாது, பாய் சொல்லிவிடும் என்பார் மாஸ்டர். வீடுவீடாகப் போய்ப் பழைய கோரைப்பாய்களை வாங்கி வந்து, இறுக்கிச் சுருட்டி, மூன்று இடத்தில் சணல் கட்டி, இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். ஊறப்போடுவது என் சாம்பார் அண்டாவில், நான் சண்டை போட்டேன், நடக்கவில்லை. ஊறிய சுருளை ஒரு மரத்தாங்கியின் முளையில் ஆள் உயரத்துக்குச் செருகி நிறுத்திச் சாய்வாக ஒரே வெட்டில் அறுக்க வேண்டும், சாய்வு இம்மி பிசகினாலும் வாள் பாதியில் சிக்கிக்கொள்ளும். நனைந்த பாய்ச்சுருள் மனிதக் கழுத்தின் கெட்டி என்று ஒருநாள் மாஸ்டர் சொன்னார், அன்றிலிருந்து அந்த அண்டாவில் சாம்பார் வைப்பதற்கு முன் மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன்.

வெட்டினதோடு வேலை முடிந்துவிடாது. அறுபட்ட துண்டு தரையைத் தொடும்வரை வெட்டியவர் வாளை இறக்கக்கூடாது, காலை மாற்றக்கூடாது, துண்டைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது, அவருக்கும் துண்டுக்கும் நடுவில் யாரும் குறுக்கே போகக்கூடாது, துண்டு விழுந்த பிறகுதான் வாளை ஒரு உதறு உதறி உறையில் போட்டு, மூன்றடி பின்னால் வந்து வணங்க வேண்டும். இதுதான் அவர்கள் பள்ளியின் சட்டம், இதற்கு ஒரு ஜப்பானியச் சொல் உண்டு, மாஸ்டர் அதை மிச்ச மனசு என்று தமிழில் சொல்வார். கண்ணை மூடித் திறப்பதற்குள் துண்டு விழுந்துவிடும் என்பதால் இந்தச் சட்டம் யாருக்கும் பாரமாகத் தோன்றியதில்லை.

கனகவல்லிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதே தொழிற்சாலையில் ரப்பர் சீல்களைப் பார்த்து நல்லது இது, கழிவு இது என்று பிரிக்கிற தரப் பிரிவில் பதினாறு வருஷம் வேலை, கணவன் தணிகாசலம் துபாயில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். அவள் வெட்டினால் வாள் எப்போதும் பாதியில்தான் நிற்கும், அவசரப்படுறம்மா என்பார் மாஸ்டர். அந்த ஞாயிறு அவளுக்குக் கடைசி வகுப்பு, ஏனென்றால் ஆவணி மூன்றாம் தேதி அவள் ஜப்பானில் இருக்கிற நகோயாவுக்குப் போவதாக இருந்தது, இரண்டு வருஷப் பயிற்சி, அந்தத் தொழிற்சாலையிலிருந்து போகிற முதல் பெண் அவள். திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாதவள். அண்டாவில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் இரண்டு தரம் சொன்னாள்.

"எத்திராஜ் அண்ணா, ஃப்ளைட்ல ஜன்னல் சீட்டு கேட்டிருக்கேன். குடுப்பாங்களாம்."

அவள் முறை வந்தது. வலது காலை முன்வைத்து, வாளைத் தலைக்குமேல் தூக்கி, இந்த முறை அவசரப்படாமல், வலது தோளிலிருந்து இடது இடுப்புக்கு இறங்குகிற மாதிரிச் சாய்வாக ஒரே வெட்டு, சத்தமே வரவில்லை. வெட்டுப்பட்டதா என்றே சந்தேகமாக இருந்தது, அப்புறம் மேல் துண்டு, ஒரு முழம் இருக்கும், அறுத்த சாய்வின்மேல் மெதுவாக வழுக்கி, அடித்துண்டை விட்டு விலகி, நாலு விரற்கடை தள்ளி வந்து, காற்றில் அப்படியே நின்றது. கயிறும் இல்லை ஆணியும் இல்லை, அறுபட்ட முகத்தில் கோரைத் தாள்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய, நுனியில் திரண்ட ஒரு சொட்டுத் தண்ணீரும் சொட்டாமல் நிற்க, துண்டு நின்றது. நாங்கள் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

"விழட்டும். அசையாதம்மா" என்றார் மாஸ்டர்.

அவள் அசையவில்லை. வலது முட்டி மடங்கி, வாள்முனை இடது முட்டிக்கு வெளியே தாழ்ந்து, கண் துண்டின்மேல் இருக்க, நின்றாள். பத்து வருஷம் நில் என்று அந்த நிமிஷத்தில் யாராவது சொல்லியிருந்தால் வாளைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள், யாரும் அப்படிச் சொல்லவில்லை, இன்னும் ஒரு நிமிஷம் என்றுதான் சொன்னோம், ஒரு நிமிஷம் யாருக்கும் பெரிசில்லை, அதுவும் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுத்தமாக ஒரு வெட்டு வெட்டியவளுக்கு, அதை அரைகுறையாக முடிக்க எப்படி மனசு வரும். நிமிஷம் நிமிஷமாகச் சேர்ந்து மத்தியானம் ஆயிற்று, மத்தியானம் சாயங்காலம் ஆயிற்று, கோயிலில் கூழ் தீர்ந்து ஒலிபெருக்கியைக் கழற்றிக்கொண்டு போனார்கள், தணிகாசலம் மொபெட்டில் வந்து இறங்கினான்.

"ஏங்க, இப்ப விழுந்துடும். விழுந்ததும் வந்துடறேன்" என்றாள் திரும்பாமலே.

அவன் அரை மணி நேரம் நின்று பார்த்தான், அப்புறம் போய் நாலு இட்லி வாங்கி வந்து, குறுக்கே போகக்கூடாது என்பதால் எனக்குப் பக்கத்தில் வந்து, ஊட்டத் தெரியாமல் என்னிடம் பொட்டலத்தைக் கொடுத்தான். அன்றைக்கு ஊட்ட ஆரம்பித்தவன் நான்.

முதல் வாரம் ஊரே வந்தது. வேடிக்கை பார்த்தார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள், காரணம் சொன்னார்கள், பாய் செத்துப்போன யாரோ படுத்த பாய் என்றார்கள், இல்லை அது அவள் சீர்வரிசையில் வந்த பாய் என்றார்கள், ஆடி ஞாயிற்றில் வாளை எடுத்தது தப்பு என்றார்கள். நாலு நாளில் காரணம் அலுத்துப்போயிற்று, ஒரு காரணமும் துண்டை இறக்கவில்லை. காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து வாளின் உரிமத்தைப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது, பொதுமக்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவள் நின்றபடியே தூங்கப் பழகினாள், கண் திறந்தே இருக்கும், மூச்சு மட்டும் நீளும், மூன்றாம் நாளோடு உடம்பின் மற்ற உபாதைகளும் நின்றுபோயின, அதைப்பற்றி நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெண்கள் வந்து தலைவாரி விட்டார்கள், வெள்ளிக்கிழமை பூ வைத்தார்கள், கழுத்தைத் துடைத்து விட்டார்கள், எல்லாம் பின்னாலிருந்தே.

ஒன்பதாம் நாள் மாஸ்டர் தொழிற்சாலையிலிருந்து உயரம் அளக்கிற கருவி ஒன்றைக் கொண்டுவந்து துண்டுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார், பத்தாம் நாள் அளந்தார், பதினொன்றாம் நாள் அளந்தார், அளந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டு நிற்கவில்லை. விழுந்துகொண்டுதான் இருக்கிறது, ஒரு நாளைக்கு மூன்று காகிதத் தாள் கனம். தாளின் கனம் தணிகாசலத்துக்கு அத்துப்படி, ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் பெருக்கி வகுத்துப் பார்த்து, பத்து வருஷமும் பதினாலு நாளும் என்றான்.

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அதைக் கேட்டதும் எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. விழுமா விழாதா என்று தெரியாமல் இருந்தது போய் இப்போது ஒரு தேதி இருந்தது, தேதி இருந்தால் எதையும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கிற ஜனங்கள் நாங்கள், எங்கள் மண்டபத்தில் நடப்பதே தேதிகளால்தான்.

"பத்து வருஷம்தானே கனகா" என்றான் தணிகாசலம். "நான் துபாய்ல ஏழு வருஷம் இருந்துட்டு வரலையா?"

"நகோயா?" என்றாள் அவள்.

"அது எங்கயும் ஓடிடாது."

ஆவணி மூன்றாம் தேதி காலையில் நான் அவளுக்குப் பொங்கல் ஊட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு மேலே மீனம்பாக்கத்திலிருந்து கிளம்புகிற விமானங்கள் போகும், அவளால் நிமிர்ந்து பார்க்க முடியாது, துண்டைப் பார்த்தபடியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதே முக்காலுக்கு ஒரு சத்தம் வந்தது.

"அண்ணா, மேல போறது பெரிசா, சின்னதா?"

நான் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சின்னது என்றேன். பெரியதுதான். அவளுக்குப் பதிலாகச் சேதுபதி என்று ஒருவன் போனான், நல்ல பையன், போவதற்குமுன் வந்து அவள் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போனான். அன்றைக்குப் பிறகு அவள் வாளை இறக்குவது முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது, இறக்கினால் நகோயாவை இழந்தது எதற்கு என்ற கேள்வி வந்துவிடும், அந்தக் கேள்வியைவிட நிற்பது சுலபம். இது எனக்குப் பின்னால்தான் புரிந்தது, அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும்.

ஆவணி பிறந்ததும் முகூர்த்தம் ஆரம்பித்துவிட்டது. முதல் கல்யாணக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, உருவின வாளோட ஒரு பொம்பளை நிக்கிற இடத்துல எப்படிப் பந்தி வைக்கறது என்று குதித்தார்கள், மண்டபத்து முதலாளி ரெட்டியார் கையைப் பிசைந்தார், நான்தான் யோசனை சொன்னேன், அவளைச் சுற்றி நாலு வாழை மரம் கட்டி, பூச்சரம் தொங்கவிட்டு, வரிசையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டேன். இலை போடுகிறவர்கள் அவளுக்கும் துண்டுக்கும் நடுவில் போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள், இரண்டாவது வாரம் அவர்கள் பார்க்காமலே சுற்றிப் போனார்கள், மாவு அரைக்கிற இடத்தில் தூணைச் சுற்றிப் போகிறோமே அந்த மாதிரி. மூன்றாவது கல்யாணத்தில் போட்டோக்காரர் மாப்பிள்ளையையும் பெண்ணையும் அவளுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார், ஐந்தாவது கல்யாணத்துக்குள் மண்டபம் கேட்டு வருகிறவர்கள், அந்தம்மா நிக்குதே அந்த மண்டபம்தானே என்று கேட்க ஆரம்பித்தார்கள். தாலி கட்டியதும் பெண்ணைக் கூட்டிவந்து கனகவல்லிக்குப் பின்னால் தரையைத் தொட்டுக் கும்பிட வைப்பது எப்போது வழக்கமாயிற்று என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. பார்த்தியா எப்படி நிக்குது, இந்த மாதிரி ஒரே இடத்துல அசையாம இருக்கணும் என்று கூட வந்த பெரியவர்கள் சொல்வார்கள், பெண்கள் தலையை ஆட்டுவார்கள்.

கம்பெனியும் அவளைக் கைவிடவில்லை. ரப்பர் சீல்களைத் தட்டில் வைத்து எடுத்து வந்து, கண்ணை எடுக்கக்கூடாது என்பதால் துண்டுக்கு நேர்கீழே பக்கவாட்டிலிருந்து நீட்டுவார்கள், அவள் நல்லது, கழிவு, நல்லது, நல்லது, கழிவு என்று சொல்லிக்கொண்டே போவாள். தொழிற்சாலையில் உட்கார்ந்து பார்த்தபோது ஏற்பட்ட தவறுகள்கூட இப்போது ஏற்படவில்லை என்று மேலாளர் வந்து பாராட்டினார். மாஸ்டரிடம் பதினோரு பேர் படித்தது போய் நாற்பத்தாறு பேர் ஆனார்கள். தணிகாசலத்தின் அக்கா குழந்தைகளோடு வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள், பீரோவில் கனகவல்லியின் புடவைகள் இருந்த தட்டைக் குழந்தைகளின் புத்தகங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள், அவள் கைப்பை மாட்டுகிற கொக்கியில் குடை தொங்கிற்று. தணிகாசலம் இதையெல்லாம் ஒளிக்கவில்லை, சாயங்காலம் வந்து பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வான், அவளும் சரிங்க, சரிங்க என்பாள், அவன் கெட்டவன் இல்லை, அங்கே யாருமே கெட்டவர்கள் இல்லை. அவள் நின்ற இடத்தைச் சுற்றி எல்லோரும் தங்கள் தங்கள் இடத்தைச் சரிசெய்துகொண்டோம், அவ்வளவுதான், அவள் நகர்ந்தால் பத்துப் பேருக்கு இடம் கலைந்துபோகும் என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டோம்.

ஐப்பசியில் மாஸ்டருக்கு வாள் கற்றுக்கொடுத்த மொரிகாவா என்கிற ஜப்பானியர் கேள்விப்பட்டு விமானம் ஏறி வந்தார். எழுபது வயது, மெலிந்த உடம்பு, எங்கள் வெயிலுக்குச் சிவந்துபோயிருந்தார். துண்டின் அறுபட்ட முகத்தை மூக்கு உரசும் தூரத்தில் வெகுநேரம் பார்த்தார், பிறகு அதற்கு நெற்றி தரையில் படும்படி வணக்கம் செய்தார், எழுந்து மாஸ்டரிடம் ஏதோ சொன்னார்.

"தன் வாழ்க்கையில இப்படி ஒரு வெட்டைப் பார்த்ததில்லையாம்" என்று மாஸ்டர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். மாஸ்டரும் இருபது வருஷமாகப் பாய் வெட்டுகிற மனிதர், அவர் வெட்டிய துண்டுகள் எல்லாம் துண்டுகள் விழுகிறபடி விழுந்திருக்கின்றன.

"மாஸ்டர், நான் இறக்கட்டுமான்னு அவரைக் கேளுங்க" என்றாள் கனகவல்லி.

மாஸ்டர் கேட்டாரா இல்லையா தெரியாது, எனக்கு அந்த பாஷை வராது. "விழட்டும்மா" என்றார். மொரிகாவா வாழைப்பூ வடை இரண்டு சாப்பிட்டுவிட்டுப் போனார், அவள் முகத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

மார்கழியில் மண்டபம் மறுபடி காலியாயிற்று. நானும் அவளும் பல்லிகளும். ஒரு மத்தியானம் ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் வாயைத் திறக்கவில்லை.

"அண்ணா, நான் இதை இறக்கிட்டா என்ன ஆகும்?"

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இறக்கும்மா, போதும் என்று சொல்லியிருக்கலாம், அதற்குப் பதவியும் தேவையில்லை, ஜப்பானிய பாஷையும் தேவையில்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா, தையில பதினேழு முகூர்த்தம் எழுதியிருக்கும்மா, எல்லாரும் உன்னைப் பார்க்கணும்னுதானே வராங்க என்று சொன்னேன். அவள் வாயைத் திறந்தாள், நான் ஊட்டினேன். இதை இத்தனை நாள் கழித்து எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

தை பதினெட்டாம் தேதி கல்யாணம் பெரிய கல்யாணம். பெண் பெயர் நிவேதா, இருபத்துநாலு வயது, தாம்பரத்தில் ஏதோ ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். தாலி கட்டி முடிந்து இரண்டாவது பந்தி பாதியில் இருக்கும்போது அவளைக் கூட்டிவந்தார்கள், கழுத்தில் மாலையின் கனம் தாங்காமல் கையால் தூக்கிப் பிடித்திருந்தாள், ஒரு பக்கம் அவளுடைய சொந்த அத்தை, மறுபக்கம் மாப்பிள்ளையின் அம்மா, பின்னால் வீடியோ விளக்கு. கூடத்தில் இருநூறு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் பாயசம் எந்த வரிசைக்கு வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

"விழுந்து கும்பிடுடி" என்றாள் அத்தை.

பெண் கும்பிடவில்லை. கனகவல்லியின் மடங்கிய முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆறு மாதமாக மடங்கியே இருந்த முட்டி.

"கால் வலிக்குதாக்கா?"

ஆறு மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. பசிக்குதா என்று கேட்டோம், வியர்க்குதா என்று கேட்டோம், இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டோம்.

"வலிக்குது" என்றாள் கனகவல்லி.

"எவ்ளோ நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

அத்தை சிரித்தாள். "கேட்டியா? வலிக்குது, ஆனாலும் நிக்குது பாரு. இதுதான் பொம்பளைக்கு வேணும். ஆய்வகம், சம்பளம்னு சொல்லிக்கிட்டு இருந்தியே, இனிமே அதைப் பத்தியெல்லாம் மூச்சு விடக்கூடாது, சரியா?"

"சரி அத்தை" என்றாள் பெண். தலையை ஆட்டினாள், மற்ற பெண்கள் எல்லோரும் ஆட்டினார்களே அதே மாதிரி, கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, ஆட்டிவிட்டுக் கனகவல்லியைப் பார்த்துக் கைகூப்பினாள். மனதார, பயபக்தியோடு கூப்பினாள்.

அந்தத் தலையாட்டலைக் கனகவல்லி பார்த்தாள். பார்த்தாள் என்றால், துண்டிலிருந்து கண்ணை எடுத்து, கழுத்தைத் திருப்பி, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவள் கண்ணை நேருக்கு நேர் நானும் அப்போதுதான் பார்த்தேன், அதில் மகிமை ஒன்றும் இல்லை, நெடுநாள் தூங்காத பெண்ணின் கண், அவ்வளவுதான். பிறகு வாளை ஒரு உதறு உதறினாள். உறையின் வாயை இடது கையால் தடவிக் கண்டுபிடித்து, விரல்கள் மடங்க மறுத்ததால் மூன்று முறை தவறி, நாலாவது முறை வாளை உள்ளே தள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று காலை இழுத்து இழுத்துப் பின்னால் வைத்தாள், வணங்க வேண்டிய இடத்தில் வணங்கவில்லை.

வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த மாஸ்டர் ஓடிவந்தார், சாப்பிட்ட கையோடு.

"இன்னும் விழலம்மா."

"தெரியும் மாஸ்டர்."

"ஒன்பதரை வருஷம் இருக்கு. இப்ப விட்டா வெட்டே வீணாப்போயிடும்."

"வெட்டறது என் வேலை, அது ஆடியிலேயே முடிஞ்சுபோச்சு" என்றாள் கனகவல்லி. குரலை உயர்த்தவில்லை, சீல்களைப் பார்த்துக் கழிவு என்று சொல்கிற அதே குரல். "விழறது அது வேலை. அதுக்கு நான் எதுக்கு நிக்கணும்?"

இடுப்பிலிருந்து வாளை உறையோடு உருவி மாஸ்டரிடம் நீட்டினாள், அவர் எச்சில் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார், வாளை அப்படித்தான் வாங்க வேண்டும் என்பதால் வாங்கினார், வாங்கிய பிறகு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் திரும்பினாள். யாரும் ஆறு மாதமாகக் கடக்காத இடத்தின் வழியாக, துண்டுக்கு நேர்கீழே, மரத்தாங்கியை உரசிக்கொண்டு, தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து, மடங்கிய முட்டி நிமிராமலே, நடந்து போனாள்.

இப்போது நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கூடத்தில் அத்தனை பேரும் துண்டைப் பார்த்தோம். அவள் விட்டுவிட்டாள் அல்லவா, இனி அது விழும், இந்த நிமிஷம் விழும், அடுத்த நிமிஷம் விழும் என்று சாப்பிட்டவர்கள் கவளத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு பார்த்தார்கள், பாயச வாளியைத் தூக்கியவன் கரண்டியைச் சாய்க்காமல் பார்த்தான், மாப்பிள்ளையின் அம்மா பார்த்தாள், ரெட்டியார் பார்த்தார், வீடியோக்காரர் கேமராவைத் துண்டின்மேல் திருப்பி அப்படியே வைத்துக்கொண்டார், மாஸ்டர் வாளை மார்போடு அணைத்துக்கொண்டு பார்த்தார், நானும் பார்த்தேன். துண்டு அசையவில்லை, நுனியில் இருந்த சொட்டும் விழவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் என்று யாரோ சொன்னார்கள். பாயசம் ஆறி ஆடை கட்டியது.

தோளில் யாரோ தொட்டார்கள். வாட்ச்மேன் முனிரத்தினம், என் காதோடு காதாகச் சொன்னார், கனகவல்லியம்மா கேட்டைத் தாண்டிப் போயிடுச்சு, தனியா இல்ல, அதுக்கு முட்டி நிமிரல, பட்டுப்புடவை கட்டின பொண்ணு ஒண்ணு முழங்கையைப் பிடிச்சு நடத்திக்கிட்டுப் போச்சு, மாலையைக் கழட்டி என் நாற்காலியில வச்சுட்டுப் போச்சு, ரெண்டு பேரும் தாம்பரம் பஸ் நிக்கிற இடத்துல பெஞ்சுல உக்காந்திருக்காங்க.

நான் நிமிர்ந்தேன். அத்தை துண்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பக்கத்தில் கையால் துழாவிக்கொண்டிருந்தாள், துழாவிய கைக்குப் பெண் அகப்படவில்லை, அப்புறம்தான் திரும்பினாள்.

"நிவேதா எங்க? இங்கதானே நின்னா? எந்தப் பக்கம் போனா, பார்த்தீங்களா?"

வெளியே ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அது கிளம்ப இரண்டு நிமிஷம் ஆகும், எனக்குத் தெரியும், இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரங்களைப் பார்க்கிறவன்.

"பார்க்கலையேம்மா" என்றேன். "மூணாவது பந்தி போடப் போறோம். நீங்க முதல்ல உக்காருங்க, இலை போடச் சொல்றேன்."